விண்டேஜ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் ஈரப்பதமானியையும் எடுத்துச் செல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்க் கிட்டார் கடைகளில் ‘விண்டேஜ்’ (பழங்காலத்தது அல்லது பழங்கால முறையில் செய்தது) என்ற சொல் இப்போது பல விலைச்சீட்டுகளில் ஏறிவிட்டது. பெனின்சுலா வட்டாரக் கடைகளில் வாங்கினாலும் சரி, வெளிநாட்டுக் கைவினைஞரிடம் இணையம் வழியாகச் சொல்லிச் செய்வித்தாலும் சரி, பழைய நாதம் தரும் கைவினை அக்கூஸ்டிக் கிட்டாருக்கு நம் இளையர்கள் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்காகப் பெற்றோரும் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் கருவியின் எந்தப் பகுதிக்குப் போகிறது, நம் ஊர்க் காற்றில் அந்தக் கருவி எப்படி இருக்கும் என்ற இரண்டையும் கடைக்காரர்கள் விளக்கிச் சொல்வது அரிது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய நாதம் என்று ஆர்வலர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் 1930களிலும் 1940களின் முற்பாதியிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட எஃகுத் தந்திக் கிட்டார்களின் ஒலியையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். மார்ட்டின் நிறுவனம், கழுத்து உடலைச் சேருமுன் 14 ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) உள்ள ஓஎம் என்ற வடிவத்தை 1929ல் கொண்டுவந்தது. பெரிய உடல் கொண்ட டிரெட்நாட் கிட்டார்கள் அந்நிறுவனத்தின் சொந்தப் பெயரில் வரத் தொடங்கியது 1931ல். கிப்சன் நிறுவனத்தின் ஜே-45 கிட்டார் வந்தது 1942ல். இவற்றின் ஒலியில் ஏதோ மர்மம் இருப்பதுபோல் விளம்பரங்கள் பேசும். மர்மம் ஒன்றுமில்லை, அவை எடை குறைவாகச் செய்யப்பட்டவை. மேல்பலகை மெல்லியது, அதை அடியில் தாங்கும் சட்டங்கள் மெல்லியவை, மேற்பூச்சும் மெல்லியது. மெதுவாக மீட்டினாலே பலகை அசைந்துகொடுக்கும். ஒலி தயங்காமல் எழும்.

மேல்பலகையின் அடியில் எக்ஸ் எழுத்து வடிவில் குறுக்காகப் போகும் இரண்டு சட்டங்கள்தான் கிட்டாரின் எலும்புக்கூடு. பழைய முறையில் அந்தச் சட்டங்களின் நடுப்பகுதியைக் குழிவாகச் செதுக்கிவிடுவார்கள். ஸ்கேலப் செய்வது என்று இதைச் சொல்வோம். செதுக்கிய இடத்தில் பலகை தளர்ந்து அசைவதால் மந்தர ஒலிக்கு ஆழம் கூடும். எக்ஸ் குறுக்கிடும் புள்ளி ஒலித்துளையின் விளிம்பிலிருந்து சுமார் 25 மி.மீ. தள்ளி அமைந்தால், பிரிட்ஜைச் (தந்திகளை மேல்பலகையில் பிடித்துவைக்கும் மரத்துண்டு) சுற்றி அசையும் பரப்பு இன்னும் பெரிதாகும். மார்ட்டின் நிறுவனம் 1930களின் கடைசியில் அந்தப் புள்ளியை ஒலித்துளையிலிருந்து இன்னும் தள்ளி, பிரிட்ஜ் பக்கமாக நகர்த்தியது. 1944ன் இறுதியில் சட்டங்களைச் செதுக்குவதையும் நிறுத்தியது. தடித்த தந்திகளைப் போட்டு வாசிப்பவர்கள் பெருகியதும், மேல்பலகை புடைத்து, பழுதுபார்க்கத் திரும்பி வரும் கிட்டார்கள் கூடியதும் அதற்குக் காரணம். 12-53 அளவுத் தந்தி (தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 53 பங்கு வரை) ஒரு கட்டு, சுருதி சேர்த்த நிலையில் ஏறத்தாழ 73 கிலோ விசையுடன் பிரிட்ஜை இழுக்கிறது. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பலகை இரவும் பகலும் அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. பழைய நாதம் வேண்டும் என்று கேட்பவர் கருவியின் உறுதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார். வாங்கும்போதே இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

‘கைவினை’ என்ற சொல்லையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். கழுத்தைக் கணினி இயந்திரம் குடைந்ததா, கையால் இழைத்ததா என்பது நாதத்துக்கு முக்கியமில்லை. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே விறைப்பில் வேறுபடும். தொழிற்சாலை எல்லாவற்றையும் ஒரே கனத்துக்கு இழைக்கும், அதுவும் மிக நலிந்த பலகையும் தாங்கும் அளவுக்கு. நல்ல கைவினைஞர் ஒவ்வொரு பலகையையும் கையில் வளைத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு, அதற்கேற்ற கனத்தில் நிறுத்துவார். வீணைக்குப் பலாக்கட்டையைத் தேர்பவர் தட்டிப் பார்ப்பதும் இந்தக் காதுதான். ஆகவே செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தப் பலகையை எந்தக் கனத்தில் நிறுத்தினீர்கள், ஏன்?’ என்பது. உண்மையில் கையால் செய்தவரிடம் பதில் இருக்கும்.

மேல்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: மேலே தெரியும் இழைக்கோடுகள் கனத்தின் ஊடாகக் கீழே இறங்கினால் அது முழுமரம். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. அந்தக் காலத்தின் அடையாள மரம் சிவப்பு ஸ்ப்ரூஸ். அடிராண்டாக் என்பது வணிகப் பெயர். விறைப்பு மிகுந்தது, ஓங்கி வாசித்தாலும் ஒலி கலங்காது. ஆனால் பழகி இளக ஆண்டுகள் ஆகும். மென்மையாக விரலால் மீட்டுபவருக்குச் சிட்கா ஸ்ப்ரூஸோ எங்கல்மான் ஸ்ப்ரூஸோ முதல் நாளிலேயே இணங்கும். அடிராண்டாக் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பேசப்படும் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை. மார்ட்டின் 1969ல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் ஈட்டி மரம்; தோதகத்தி என்றும் சொல்வோம், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. இன்று பிரேசில் மரத்துக்கு அதைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். பின்பலகை மரம் மட்டும் மாறுபட்ட 6 கிட்டார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்து, எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கச் சொன்ன ஓர் ஆய்வை 2018ல் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த மரத்துக்குச் சொல்லத்தக்க மேன்மை எதுவும் கிடைக்கவில்லை. பணம் இருந்தால் மேல்பலகைக்கும் செய்பவரின் கைக்கும் கொடுங்கள். மகாகனி, ஈட்டி இரண்டில் எது உங்கள் காதுக்குப் பிடிக்கிறதோ அது போதும்.

இனி நம் காற்று. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். கிட்டார் பட்டறைகளோ பொதுவாக 45 முதல் 50 விழுக்காட்டில் வேலை செய்கின்றன. 45 விழுக்காட்டுக் காற்றில் மரத்துக்குள் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீர் இருக்கும். 80 விழுக்காட்டுக் காற்றில் அது ஏறத்தாழ 16. நீர் இரண்டு மடங்கானால் 40 செ.மீ. அகலப் பலகை இழைக்குக் குறுக்கே சுமார் 4 மி.மீ. விரிய முயலும். பக்கங்களும் சட்டங்களும் பிடித்து நிறுத்துவதால் அது அகல முடியாமல் மேல்நோக்கிப் புடைக்கும். பிரிட்ஜ் உயரும், தந்தி ஃப்ரெட்டைவிட்டு எழும்பும், விரல் வலிக்கும். ஈரம் குடித்த மரம் அதிர்வை விழுங்குவதால் கார்வை குறைந்து ஒலி மங்கும். மழைநாளில் மிருதங்கத்தின் நாதம் இறங்குவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. கனமாகச் செய்த கிட்டார் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விண்டேஜ் முறையில் மெலிதாகச் செய்த கிட்டார் பொறுக்காது. பழைய நாதத்துக்காக எதைக் குறைத்தார்களோ, நம் ஊர்க் காற்று அதைத்தான் முதலில் தாக்குகிறது.

ஈரம் மட்டுமே எதிரி என்று நினைப்பதும் தவறு. இரவு முழுக்கக் குளிர்சாதனம், பகல் முழுக்கத் திறந்த சன்னல் என்றிருக்கும் வீட்டில் ஈரப்பதம் அன்றாடம் ஏறி இறங்குகிறது. ஒரே நிலையில் இருக்கும் 65 விழுக்காட்டைவிட இந்த ஊசலாட்டம் மோசம். ஒட்டுகள் விடுவதும் மேற்பூச்சில் மயிரிழைக் கோடுகள் விழுவதும் இதனால்தான். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் மாற்றம் மெதுவாக நடக்கும். சுவரில் மாட்டிவைப்பது அழகுக்கு மட்டும். மேற்கு வெயில் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. வீவக வீடுகளின் பாம் ஷெல்டர் இருட்டாக, பத்திரமாகத் தோன்றும். காற்றோட்டமில்லாத அந்த அறையில் ஈரம் தேங்கி, தோல்வாரிலும் பெட்டியின் வெல்வெட்டிலும் பூஞ்சை பிடிக்கும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் ஒரு மின்னியல் ஈரப்பதமானி. அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் 4 கழித்துப் படியுங்கள். அடுத்து, கிட்டார் இருக்கும் இடத்தை 45க்கும் 55க்கும் இடையில் நிறுத்த ஒரு வழி. ஒரே கிட்டார் என்றால் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் உலர்பெட்டியின் பெரிய வகை போதும். அறைக்கே வேண்டுமென்றால் கம்ப்ரெசர் வகை ஈரநீக்கி நம் வெப்பத்துக்குப் பொருந்தும். சிலிக்கா சக்கர வகை அறையைச் சூடாக்கும். பெட்டிக்குள் போடும் 49 விழுக்காட்டு ஈரச்சமன் பொட்டலங்களை அதிகம் நம்ப வேண்டாம். வறண்ட நாடுகளில் அவை ஈரத்தைக் கொடுத்துக் காலியாகும். இங்கே ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சில வாரங்களில் உப்பிப்போகும். அப்புறம் அவை பெட்டியில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

இவ்வளவு பராமரிப்பு முடியாது என்பவர்களும் பழைய நாதத்தை விட்டுவிட வேண்டியதில்லை. வெப்பத்தில் பதப்படுத்திய மேல்பலகையைக் கேட்டு வாங்குங்கள். உயிர்வளி குறைந்த உலையில் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் மரத்தை வாட்டும்போது, நீரைப் பிடித்துவைக்கும் கூறுகள் சிதைந்து, மரம் பின்னர் ஈரம் குடிப்பது குறைகிறது. வயதான மரத்தின் ஒலிக்கும் இது நெருங்கி வரும். பலகை சற்று நொறுங்கும் தன்மை பெறும், அடிபட்டால் எளிதில் விரியும். சிங்கப்பூருக்கு இந்தப் பேரம் நல்ல பேரம் என்பது என் கருத்து.

கடைக்குப் போகும்போது ஈரப்பதமானி, கைப்பேசி, பல்மருத்துவர் வைத்திருப்பதுபோல் ஒரு சிறு கண்ணாடி, 60 செ.மீ. எஃகு நேர்க்கோல், ஒரு மெல்லிய தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுக்கும் பொருள் இது.

மானியைக் கிட்டாருக்கு அருகில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் படியுங்கள். 70க்கு மேல் இருந்தால் நீங்கள் கேட்பதும் தொடுவதும் ஈரம் ஏறிய கருவியை. பிறகு நேர்க்கோலை ஃப்ரெட்டுகளின் மேல், இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி நீளவாட்டில் வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். பிரிட்ஜின் முன்விளிம்பில் முட்டி நின்றால் கழுத்தின் கோணம் சரிந்துவிட்டது என்று பொருள். கழுத்தைக் கழற்றிக் கோணத்தைச் சீர்செய்வது பெரிய வேலை, செலவும் அதிகம். டவ்டெயில் எனப்படும், ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டிய இணைப்பில் ஆவி பாய்ச்சிப் பிரிக்க வேண்டியிருக்கும். 12வது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் ஆறாம் தந்திக்கு 2.4, முதல் தந்திக்கு 1.8 மி.மீ. அளவில் இருந்தால் வசதி. உயரம் சரியாக இருக்கிறது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பிரிட்ஜுக்கு மேல் சாடில் (தந்திகள் ஏறிச் செல்லும் மெல்லிய துண்டு) எவ்வளவு தெரிகிறது என்றும் அளந்து பாருங்கள். குறைந்தது 3 மி.மீ. வேண்டும். சாடிலைத் தேய்த்துத் தேய்த்துத் தந்தியை இறக்கிய கிட்டாரில் இனி இறக்க இடமிருக்காது. தந்தி சாடிலை அழுத்தும் கோணமும் போய் ஒலி தளர்ந்துவிடும்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் இலேசான புடைப்பு இருப்பது இயல்பு. முன்னால் குழிந்து பின்னால் மேடிட்டிருந்தால் சட்டம் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஒலித்துளை வழியாகக் கண்ணாடியையும் கைப்பேசி விளக்கையும் விட்டு, தந்தி முனைகள் பதியும் பிரிட்ஜ் தகட்டைப் பாருங்கள். பழைய கருவிகளில் அது சிறிய மேப்பிள் துண்டு. துளைகள் சிதைந்து தந்தியின் உருண்டை மேல்பலகைக்குள் ஏறியிருந்தால் விலையில் அதைக் கழித்தே ஆக வேண்டும். கடைசியாக, தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு விரல் மூட்டால் பலகையை அங்கங்கே தட்டுங்கள். எங்காவது சலசலத்தால் ஒட்டுவிட்ட சட்டம் அங்கே.

காதால் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தந்திகள் எத்தனை வாரம் பழையவை என்று முதலில் கேளுங்கள். 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு துத்தநாகமும் கலந்த, ‘வெண்கலம்’ என்று விற்கப்படும் தந்தி புதிதில் பளிச்சென்று ஒலிக்கும், நம் வியர்வையில் விரைவில் மங்கும். பாஸ்பர் வெண்கலம் சற்று நீடிக்கும். புதுத் தந்தி போட்ட சாதாரணக் கிட்டார் பழைய தந்தி போட்ட நல்ல கிட்டாரை எளிதில் வென்றுவிடும். வாசிக்கும்போது முதலில் மிக மெதுவாக, பிறகு ஓங்கி. மெதுவாக வாசிக்கையில் பேசாத கிட்டார் கனமாகச் செய்யப்பட்டது. டிரெட்நாட் ஒன்று கையில் வழக்கத்தைவிடக் கனத்தாலும் அதே சந்தேகம். ஆறாம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஜி, ஜி ஷார்ப் அருகே, உடலுக்குள் இருக்கும் காற்றின் சொந்த அதிர்வோடு மோதி ஒரு சுரம் மட்டும் உறுமுவதோ சட்டென்று அடங்குவதோ நடக்கும். சிறிது இருந்தால் பரவாயில்லை. பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லி மூன்று மீட்டர் எதிரே நின்று கேளுங்கள். மடியில் வைத்துக் கேட்கும் ஒலியும் எதிரே கேட்கும் ஒலியும் ஒன்றல்ல.

பழமையை அப்படியே படியெடுத்த கருவிகளில் இரண்டை மட்டும் நம் ஊருக்கு வேண்டாம் என்பேன். ஒன்று, திருகிச் சரிசெய்ய முடியாத எஃகுச் சட்டம் பதித்த கழுத்து. மார்ட்டினே 1985ல் அதை விட்டுவிட்டது. கழுத்துக்குள் இருக்கும் திருகக்கூடிய கம்பியான டிரஸ் ராட், கழுத்தின் வளைவை மட்டுமே திருத்தும், கோணத்தைத் திருத்தாது. ஆனாலும் அது இல்லாமல் இங்கே சமாளிப்பது கடினம். மற்றொன்று, பிரிட்ஜின் குறுக்கே முழுக்க ஓடும், ஒட்டிவைத்த நீண்ட சாடில். கழற்றிப் போடும் குட்டைச் சாடிலாக இருந்தால், உயரம் மாறிய எலும்புச் சாடில்கள் இரண்டு வைத்துக்கொண்டு மழைக்காலத்துக்குத் தாழ்ந்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

விலங்குப் பசையைப் பற்றி ஒன்று. அது காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும், நாதத்துக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். பழுதுபார்ப்பவருக்குப் பிரிப்பதும் எளிது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இளகும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் அரை நாள் கிடந்தால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடலாம். மரப்பசையும் அந்த வெப்பத்தில் தளரும் என்பதால் எந்தக் கிட்டாருக்கும் இது பொருந்தும்.

நைட்ரோசெல்லுலோஸ் மேற்பூச்சு மெல்லியது, பலகையைக் கட்டிப்போடாது. ஆனால் அதற்கு நம் வாழ்க்கைமுறை ஆகாது. டெங்கிக்குப் பயந்து கையில் தடவும் கொசுவிரட்டியில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால், முழங்கை படும் இடத்தில் பூச்சு கரைந்து பிசுபிசுக்கும். சில ரப்பர் தாங்கிகளில் சாய்த்துவைத்தாலும் தழும்பு விழும். கை கழுவிவிட்டு வாசிப்பது, வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது, தாங்கியைத் துணியால் சுற்றுவது போதும். புதிய கிட்டாரில் செயற்கையாகத் தேய்த்து, விரிசல் வரைந்து ‘வயதாக்கிய’ பூச்சுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தப் பணத்தில் உலர்பெட்டி வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி இறக்குமதியின்போது வசூலிக்கப்படும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மரம். அனுப்பும் நாட்டின் அனுமதியும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் இல்லாமல் தொடாதீர்கள். ஈட்டி மரத்தால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. மிகப் பழைய கிட்டாரில் நட்டும் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் துண்டு) சாடிலும் யானைத்தந்தமா என்று பாருங்கள். சிங்கப்பூரில் தந்த விற்பனை 2021 செப்டம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

கடைக்காரர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விண்டேஜ் என்று எழுதி விற்கும் ஒவ்வொரு கிட்டாருடனும் ஒரு சிறு அட்டையைத் தொங்கவிடுங்கள். மேல்பலகை எந்த மரம், முழுமரமா, வாட்டியதா, சட்டங்கள் செதுக்கியவையா, டிரஸ் ராட் திருகக்கூடியதா, என்ன பசை, என்ன பூச்சு, எத்தனை விழுக்காட்டு ஈரப்பதத்தில் செய்யப்பட்டது, தந்தி என்ன அளவு, எப்போது மாற்றியது. அதோடு, கிட்டார்கள் தொங்கும் சுவரில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஓர் ஈரப்பதமானியையும் மாட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
தோ பாயோ